எந்த மாசம் இறங்கலாம்?

டமார் என்று மேஜைமேல் வந்து விழுந்தது ஒரு கோப்பு. ஆழ்கடல் நீச்சல் நிலையத்தின் கணினியில் பதிவு போட்டுக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எதிரே, ரப்பர் உடையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட வானிலைக்காரர் நின்றிருந்தார்.

"இந்த மாசமும் பொய்!" என்றார்.

வானிலை நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆழ்கடல் நீச்சலுக்காக இந்தத் தீவுக்கு ஐந்தாவது வருடமாக வருகிறார். பவளப்பாறையின் அடிவாரத்தில் கட்டில் அகலத்துக்குத் திருக்கை மீன்கள் உலாவும். அதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"ஜனவரியில வந்தேன், ரெண்டு நிமிஷம். ஏப்ரல், ரெண்டரை. ஜூலை, ஒண்ணேமுக்கால். போன வருஷம் அக்டோபர், மூணு. இன்னிக்கு ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு! முக்கால் மணி நேரம்னு சொல்லி இறக்கறீங்க. பாதி தூரம்கூடப் போகலை, உங்க வழிகாட்டி என்னை மேலே கொண்டாந்து விட்டுடறார்."

"ஏன்னு அவர்கிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்க என்ன இருக்கு? அடியில நீரோட்டம் மாறியிருக்கும். நான் பார்க்காத காத்தா, கடலா?"

மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பேனாவை மூடினாள். "குறுக்கெழுத்துல நான் முதல் கட்டமே நிரப்பலை, அதுக்குள்ள திரும்பி வந்து நிக்கறார். இவர் கணிப்பு எனக்குத் தெரியாதா? மழைன்னு இவர் சொன்னா நான் மாடியில துணி காயப்போடுவேன். ஒருநாள்கூட நனைஞ்சதில்ல."

பதிவுப் பெண் சிரிப்பை விழுங்கிக்கொண்டு அவருடைய விண்ணப்பத்தைத் திறந்தாள்.

"சார், வர்ற மார்ச் இருபதோட உங்களுக்கு அறுபத்தஞ்சு. அதுக்கு மேல இறக்க எங்களுக்கு அனுமதி இல்ல. இனிமே ஒரே ஒரு தடவைதான் வர முடியும்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "தெரியும்மா. அதனாலதான் கேட்கறேன். சரியான மாசத்தை நீயே சொல்லு."

"சொல்றேன். ஆனா இந்தத் தடவை பயிற்சி வகுப்புல இன்னொரு வாட்டி உட்காருங்க."

"அதெல்லாம் முதல் வருஷமே முடிச்சாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு."

"கையெழுத்துப் போட்டது நிஜம்," என்றாள் மனைவி. "வகுப்பு பூரா ஜன்னல் வழியா மேகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார்."

அவர் காதில் அது விழவில்லை. கோப்பைப் பிரித்து, வரைபடங்களை மேஜை முழுக்கப் பரப்பிவிட்டார்.

"டிசம்பர்?"

"காத்து பலமா இருக்கும் சார். படகே போகாது."

"பிப்ரவரி? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமே?"

"கண்ணாடி மாதிரி இருந்தா திருக்கை வராது. கொஞ்சம் கலங்கினாத்தான் அதுக்குத் தீனி."

"அப்ப மார்ச் முதல் வாரம்! கலங்கலும் இருக்கும், கண்ணுக்கும் தெரியும்."

"அதேதான் சார்."

வானிலைக்காரர் முகம் பளிச்சென்று ஆனது. பதிவுப் பெண்ணை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"சந்தோஷம் வந்தா இவருக்கு வாய் அடைச்சுப் போகும், இந்த விரல்தான் பேசும்," என்றாள் மனைவி. "என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு எங்கப்பா கேட்டதுக்கும் இதேதான் பதில்."

அப்போது வழிகாட்டி காற்று உருளையைத் தோளில் சுமந்தபடி உள்ளே வந்தான். மனைவி அவனை விடவில்லை.

"ஏன் தம்பி, அஞ்சு வருஷமா இவரைப் பாதியிலேயே மேலே கூட்டிட்டு வந்துடறியே, கடல் அவ்வளவு மோசமா?"

வழிகாட்டி தயங்கினான். பதிவுப் பெண்ணைப் பார்த்தான். பிறகு உருளையை மெதுவாகத் தரையில் இறக்கினான்.

"கடல் எல்லா மாசமும் நல்லாத்தான்மா இருந்துச்சு. இன்னிக்குக்கூட கீழே ஏழு திருக்கை. சார்தான் மேலே போகணும்னு சொன்னார். யார் அப்படிச் சொன்னாலும் காரணம் கேட்காம மேலே கூட்டிட்டு வரணும், அது எங்க தொழில்ல சட்டம். பயந்துட்டாரோன்னு நானும் வெளியில சொல்லலை."

"நானா? நானா சொன்னேன்?" வானிலைக்காரர் துள்ளிக் குதித்தார். "தண்ணிக்குள்ள எப்படிய்யா சொல்வேன்? இறங்கினதும் மஞ்சள் மீன் கூட்டம் ஒண்ணு போச்சு. பிரமாதம்னு உனக்கு இப்படித்தானே காட்டினேன்!"

விறைப்பாக நின்ற அந்தக் கட்டைவிரலை வழிகாட்டி பார்த்தான்.

"சார், தண்ணிக்குள்ள அதுக்கு அர்த்தம், 'மேலே போகலாம்'."