வண்டல் தொடாத கல்

ஆழ்கடல் தரையில், உருளைக்கிழங்கு அளவில் ஒரு கருங்கல் இருந்தது. மேலிருந்து ஓயாமல் மாவுபோல் விழும் வண்டல், சுற்றியிருந்த எல்லாவற்றையும் மூடிவிட்டது. கல்லை மட்டும் மூடவில்லை.

"என்னைத் தொட வண்டலுக்கே பயம்!" கல்லுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதற்கிருந்த ஒரே தொல்லை கடல் அட்டைதான். சேறு தின்ன வரும்போதெல்லாம் கல்லை முட்டிப் புரட்டிவிட்டுப் போகும்.

ஒருநாள் கல் சீறியது. "பெரியவங்க இருக்கிற இடம்னு ஒரு மட்டுமரியாதை வேண்டாமா? இனி இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே!"

"சரிங்க ஐயா. உங்க முதுகுல விழுந்ததைத்தான் தின்னுட்டிருந்தேன்," என்று அட்டை வேறு பக்கம் நகர்ந்து போய்விட்டது.

அதன் பிறகு விழுந்த வண்டல், கல்லின் முதுகில் தங்கியது. தோளை மூடியது. நெற்றிவரை வந்தது.

கல் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எனக்குப் பொன்னாடை போர்த்தணும்னு இப்பவாவது தோணிச்சே!"