எந்த டிவிஷன்?

1946 ஜூனில் பம்பாய் மாட்டுங்காவுக்கு மெட்ரிக் ரிசல்ட் வந்தது. மகாதேவன் தேர்டு டிவிஷனில் பாஸ்.

"ஆபீஸ்ல பார்க்கர் துரைகிட்ட, பையன் நன்னாப் பாஸ் பண்ணியிருக்கான், வேலை வேணும்னேன். எந்த டிவிஷன்னு துரை கேட்டார். ஃபர்ஸ்ட்னுட்டேன்" என்றார் அப்பா வேங்கடசுப்ரமணியன்.

"ஏன்னா, பொய் சொல்லலாமோ?" என்றாள் மனைவி.

"தேர்டுன்னு எந்த வாயால சொல்றது? நாளைக்கே கூட்டிண்டு வரச் சொல்லிட்டார்."

மறுநாள் பார்க்கர் துரை சர்டிபிகேட்டைத் தொடவில்லை. மகாதேவனின் கால்களைப் பார்த்தார்.

"இங்கிலாந்தில் ஒன்பது வருஷம் ஃபுட்பால் ஆடினேன். ஃபுல்பேக். கடைசிவரை தேர்டு டிவிஷன்தான். ஃபர்ஸ்ட் டிவிஷன் ஆட்டக்காரன் நம் ஆபீஸ் டீமுக்குக் கிடைப்பது அதிர்ஷ்டம்."

வேங்கடசுப்ரமணியன் தரையைப் பார்த்தார்.

"எனக்குப் பந்தாடத் தெரியாது சார். பரீட்சையிலும் தேர்டு டிவிஷன்தான்" என்றான் மகாதேவன்.

வேலை, தாராவி டீமின் ஃபுல்பேக் உதுமானுக்குப் போனது. அவர் மெட்ரிக் எழுதியதில்லை.