அண்ணன் கையெழுத்து

"என் தையல் மெஷினை என்னைக் கேட்காம வித்துட்டாங்க சார். வழக்குப் போடணும்."

ரசீது, புகைப்படம், பார்த்தவர்களின் பெயர் என எல்லாவற்றையும் கோவையாக எடுத்துச் சொன்னாள் தையல்காரி. வக்கீலுக்குக்கூட இவ்வளவு தெளிவாகப் பேச வராது என்று வியந்தார், சிறு வழக்கு நீதிமன்றத்தின் குமாஸ்தா. அவள் பெயரைக் கணினியில் தட்டியதும் அவர் முகம் மாறியது.

"ஏம்மா, உங்களுக்கு மனசு சரியில்லைன்னு உங்க அண்ணனைப் பாதுகாவலரா கோர்ட் போட்டிருக்கே?"

"அப்ப சரியில்லை சார். அப்புறம் குணமாகி, மெஷின் போற வரைக்கும் தைச்சுச் சம்பாதிச்சிட்டிருந்தேன்."

"உத்தரவு அப்படியே இருக்கேம்மா. நீங்களா வழக்குப் போட முடியாது. அண்ணன்தான் உங்களுக்காகக் கையெழுத்து போடணும்."

அவள் தலை குனிந்தாள். குமாஸ்தாவுக்கு மனசு கேட்கவில்லை.

"இதுக்குப்போய் கலங்கலாமா? கூடப்பிறந்த தங்கச்சிக்காக ஓடி வரமாட்டாரா? நம்பர் சொல்லுங்க, நானே பேசறேன்."

போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நம்பருக்காகக் காத்திருந்தார்.

"பேசிப் பாருங்க சார்," என்றாள் அவள் மெல்ல. "ஆனா மெஷினை வித்ததே அவர்தான்."

எடுத்த போனை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார் குமாஸ்தா.