சிறப்புரை

வழக்கறிஞர் சங்க அறையின் அறிவிப்புப் பலகை முன்னால் அக்கா நிற்கிறாள். பதினெட்டு வருடமாகச் சங்கச் செயலாளர் அவள்தான். கூட்டங்களுக்கு அறை பிடிப்பதும் அழைப்பு அனுப்புவதும் நாற்காலி போடவைப்பதும் அவள் தலையில்தான். ஒரு தடவைகூட அவளைப் பேச அழைத்ததில்லை. அடுத்த வாரக் கருத்தரங்கின் அறிவிப்பை இப்போது குத்துகிறாள். சிறப்புரை ஆற்றப்போவது அவளுடைய தங்கை. ஜன்னல் வெயில் சரியாக அந்தப் பெயரின் மேல் விழ, புது மை பளபளக்கிறது. தேநீர்க் கோப்பைகளோடு கடந்துபோகிறவர்கள், "உங்க தங்கச்சியா மேடம்? பெரிய விஷயம்" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சிரித்துச் சிரித்து அவளுக்குக் கன்னம் வலிக்கிறது. கடைசி ஊசியைத் தேவைக்கு மேல் அழுத்துகிறாள். கட்டைவிரல் நுனி வெளுக்கிறது. கறுப்பு அங்கியை மடித்துக் கையில் போட்டபடி தங்கை வந்து தோளில் சாய்கிறாள். "அக்கா, நெனச்சாலே பயமா இருக்கு. நீ முன் வரிசையில என் கண்ணுல படற மாதிரி உட்காரு. உன்னைப் பார்த்துக்கிட்டே பேசிடுவேன்." அக்கா பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கு எனக்குக் கோர்ட்ல கேஸ் இருக்குடி." தங்கையின் தலை மெல்லத் தோளைவிட்டு விலகுகிறது. இருவர் கண்ணெதிரிலும் ஞாயிற்றுக்கிழமை என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது.