மதினியின் வாய்

“உமக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? வேட்டிய அவுத்துப் போட்டுட்டு எங்க கெளம்புதீரு? உக்காரும்! வாயத் தெறயும்!”

சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. புளியங்குடியிலிருந்து கட்டபொம்மன் பஸ்ஸில் சங்கரன்கோவில் வந்து இறங்கிய முத்துமீனாளுக்கு வாசலிலேயே வயிறு பற்றி எரிந்தது.

தாலுகா ஆபீஸில் அண்ணன் சங்கரநயினாரின் கையெழுத்துக்கு ஊரே காத்துக் கிடந்த காலம் உண்டு. இப்போது மறதி வியாதி. சொந்தத் தங்கச்சி பேரே தெரியவில்லை. மதினி பிரம்மநாயகிக்குக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே வாய் நீளம்தான். அதுக்காக, சீக்காளியிடமுமா?

“மதினி, நாளைக்கு டாக்டர்ட்ட போவோம். நானும் வாரேன்.”

மறுநாள் டாக்டர் கேட்டார்: “வீட்ல யாரு பாத்துக்கிடுதா?”

“நாந்தான் டாக்டர். இவுகளுக்கு என்னன்னா...” என்று ஆரம்பித்தாள் பிரம்மநாயகி.

“பாக்குத லட்சணத்தக் கேளுங்க டாக்டர்!” முத்துமீனாள் முந்திக்கொண்டாள். “எந்நேரமும் ஏச்சு! மாட்ட வெரட்டுத மாதிரி வெரட்டுதாக!”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, மூளை சுருங்கிட்டு வர்ற மனுஷன் அவரு. அதட்டவே கூடாது. மெதுவா, மரியாதையா, சிரிச்ச முகமாப் பேசணும். புரியுதா?”

“இல்ல டாக்டர், நான் சொல்ல வந்தது...”

“அடுத்த ஆள வரச் சொல்லுங்க.”

நல்லா வேணும் என்று முத்துமீனாளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. வெளியே வந்ததும் விரலை நீட்டிச் சொன்னாள்: “இனி ஒரு சொல்லு ஒசந்து கேட்டுச்சு, அண்ணன நான் புளியங்குடிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

பிரம்மநாயகிக்கு முகமே செத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, மத்தியானம் இலை போட்டாள்.

“வாங்க, சாப்பிடலாம். உங்களுக்குப் பிடிக்குமேன்னு சொதி வச்சிருக்கேன்.”

அடேயப்பா, இந்த வாயிலா இவ்வளவு தேன்! முத்துமீனாளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சங்கரநயினார் பெண்டாட்டியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

“ரொம்ப நல்லதும்மா. பசிக்கத்தான் செய்யுது. ஆனா எங்க வீட்ல தேடுவாக. நான் வாரேன்.”

சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். முத்துமீனாள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“அண்ணே, இதுதான் நம்ம வீடு!”

“எங்க வீடு எனக்குத் தெரியாதாம்மா? இங்கன எல்லாரும் மரியாதையாப் பேசுதீக. என் பொஞ்சாதியா இருந்தா, இவ்வளவு நேரம் எங்க போனீருன்னு என்னைய வறுத்து எடுத்திருப்பா.” கையை விடுவிக்கப் பார்த்தார். “பாவம், நான் போகாம அவ ஒரு வாய் சாப்பிட மாட்டா. விடுங்கம்மா.”

பிரம்மநாயகி இலைக்குப் பக்கத்திலேயே நின்றாள். கண்ணீர் கொட்டியது. டாக்டர் சொன்ன சிரிப்பை மட்டும் விடாமல் பிடித்து வைத்திருந்தாள்.

“இதத்தான் முத்துமீனா, நான் டாக்டர்ட்ட சொல்ல வந்தேன்,” என்றாள், அப்போதும் மெதுவாகவே.

அண்ணன் கையை உதறிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

“ஐயோ, அந்த டாக்டர் கெடக்காரு! கும்பிட்டுக் கேக்கேன் மதினி,” என்று அலறினாள் முத்துமீனாள். “ஏசுங்க! நல்லா ஏசுங்க!”