வீட்டுக்கு ஆறு வாளி

லாரி டிரைவரை முதலில் அடித்தது நான்தான்.

கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன். விழுந்தவன் எழுவதற்குள் மூக்கில் ஒரு குத்து விட்டேன். அதற்குப் பிறகு யார் யார் அடித்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தையல்கார அக்கா கிடந்தார். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

எங்கள் தெருவுக்குப் பதினோரு நாளாகத் தண்ணீர் இல்லை. பெரிய குழாய் உடைந்துவிட்டது என்றார்கள். எங்கே உடைந்தது, எப்போது சரியாகும் என்று சொல்லத்தான் ஆளில்லை. மனுவைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் குடியிருப்போர் சங்கமே களத்தில் இறங்கியது.

தண்ணீர் லாரியைப் பிடிக்கும் பொறுப்பு செயலாளரான எனக்கு. வீட்டுக்கு ஆறு வாளி என்று பட்டியல் போட்டவர் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். டோக்கன் கொடுப்பது தையல்கார அக்காவின் யோசனை. வெட்டுத்துணியில் எண்களைத் தைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"காகிதம்னா நம்மாளுங்க இன்னொண்ணு எழுதிப்பாங்க. தைக்கத் தெரிஞ்சவ இந்தத் தெருவுல நான் ஒருத்திதான்" என்று சிரித்தார்.

லாரி தெரியாமல் முட்டுச்சந்தில் புகுந்துவிடக் கூடாது என்று, முனையில் நின்று கை காட்டவும் அவரேதான் போனார்.

எட்டு மணிக்கு வர வேண்டிய லாரி பதினொன்றரைக்கு வந்தது. வந்த வேகத்தில் திருப்பத்தின் ஓரத்தில் ஏறி, அக்காவை அடித்துச் சுவரோரம் வரை இழுத்துக்கொண்டு போய் நின்றது.

"போன் பேசிக்கிட்டே வந்தான்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!" என்று மருந்துக்கடைக்காரர் கத்தினார்.

அதுவரை தயங்கி நின்றவர்களும் அதைக் கேட்டதும் பாய்ந்தார்கள்.

சலூன்காரர் வாளியால் தலையில் ஓங்கி அடித்தார். வாளி உடைந்தது. உடைந்த விளிம்பாலும் அடித்தார். எலக்ட்ரீஷியன் மிதித்ததில் விலா ஒடிந்தது. லாரிக்குப் பின்னால் நின்றவர்களுக்குக்கூட அது கேட்டது. எவரிடமும் குரல் உயர்த்திப் பேசாத தலைவர், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இடம் கிடைக்காமல் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

யாரோ லாரியின் வால்வைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் பீறிட்டுத் தெரு முழுக்க ஓடியது. அக்காவைத் தொட்டு, டிரைவரைத் தொட்டு, சிவந்து, சாக்கடைக்குப் போனது.

அந்த அமளியிலும் இரண்டு பேர் வால்வுக்குக் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு நாள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"விடாதீங்க! இன்னும் போடுங்க!" என்று நான் கத்தினேன்.

என் குரல் கேட்டதும் டிரைவர் தலையைத் தூக்கினான். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. இன்னொரு கண் ஒவ்வொரு முகமாகத் தேடி, என் முகத்தில் வந்து நின்றது.

"சார்... நீங்கதானே..."

வாயிலேயே உதைத்தேன். தாடை ஒரு பக்கமாகப் போய் நின்றுவிட்டது. பக்கத்தில் கிடந்த அவன் போனையும் குதிகாலால் மிதித்தேன். தூளாகும்வரை மிதித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அக்கா போய்விட்டார்.

டிரைவர் பிழைத்துக்கொண்டான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம். தலையில் பட்ட அடியில் பேச்சு திரும்புமா என்பதே சந்தேகம் என்று மருந்துக்கடைக்காரர் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்.

மூன்றாம் நாள் சங்கத்தின் இரங்கல் கூட்டம். அவனுக்கு இனி எந்தக் காலத்திலும் ஓட்டுநர் உரிமம் தரக் கூடாது என்று மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. அடித்தது யார் என்று போலீஸ் கேட்டால், கூட்டத்தில் தெரியவில்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்றும் முடிவானது. தண்ணீர் விஷயத்தில்கூட நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

கூட்டம் கலையும்போது அக்காவின் மகள் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

"நீங்க மட்டும் பிடிக்கலைன்னா அவன் ஓடியே போயிருப்பான் மாமா."

அவள் தலையில் கை வைத்தேன்.

எல்லோரும் போன பிறகு சங்க அறையில் நான் மட்டும் இருந்தேன். அன்றைக்கு நான் நின்றிருந்ததும் இதே ஜன்னலோரம்தான். அக்கா அடிபட்ட சத்தம் தெருவில் எல்லோருக்கும் ஒரு முறை கேட்டது. எனக்கு இரண்டு முறை கேட்டது. முதலில் ஜன்னல் வழியாக. அடுத்த நொடி, காதில் வைத்திருந்த போனில்.

அதற்குச் சற்று முன்னால்தான் அவன் கேட்டான்.

"திருப்பம் வருது சார், வெச்சிடட்டுமா?"

"வெச்சேன்னா வேற லாரிக்குச் சொல்லிடுவேன். பேசிக்கிட்டே வா" என்றேன்.