வலப்பக்கம் யார்

திரைப்பட வகுப்புக்காகத் தாரிணி எழுதும் கட்டுரை ஒரே காட்சியில் இடறி நின்றது. மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். கதாநாயகன் யானைமேல் வருகிறான். கூட்டமே அவனை அண்ணாந்து பார்க்கிறது. அந்தக் கூட்டத்தில், கல்யாணத்துக்கு முன்பு துணை நடிகையாக இருந்த அவள் அம்மா வசந்தி மட்டும் வலப்பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். அங்கே இருப்பது யாரென்று படத்தில் தெரியவில்லை.

"சீன்ல இருக்குறவங்க எதப் பாக்குறாங்கன்னு எழுதாத கட்டுரைய நான் படிக்கவே மாட்டேன்," என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

தாரிணி கணினியில் அந்தக் காட்சியை ஓட்டினாள், நிறுத்தினாள், மறுபடி ஓட்டினாள்.

"யாரும்மா அங்க?"

"சாப்பாட்டு வண்டிடி. காலைலேருந்து பட்டினி."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அப்பா சிரித்தார். "இவளுக்கு அன்னைக்கும் சோறுதான்."

தாரிணி அதையே கட்டுரையில் அடித்துப் பார்த்தாள், மனசு ஒப்பாமல் அழித்தாள். பசித்தவள் சிரிக்கிற சிரிப்பா அது? அப்பா தெருமுனை திரும்பியதும், வசந்தி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னொரு தரம் ஓட்டு. மெதுவா."

ஓட்டினாள்.

"உங்க வாத்தியாரு இதையும் கேப்பாரா?"

"இதத்தாம்மா கேப்பாரு."

"அப்ப வேற சீன் எதையாச்சும் எழுதேன்," என்றாள் வசந்தி. அவள் கண்கள் திரையின் வலது ஓரத்தைத் தாண்டி, வெறும் சுவரில் போய் நின்றிருந்தன.